சாய்ந்த கோட்டைக் கண்டுபிடித்தவன்

மலாக்கா மாநிலத்து மெர்லிமாவில் இரண்டு மாடிக் கடைவீடு கட்டியவன் நான். ஸ்டூடியோவுக்குப் பின்னால் உள்ள இருட்டறையைக் கொத்தனார் இல்லாமல் எழுப்பியவன் நான். செங்கல் சுமந்ததும் நான்தான், பூசியதும் நான்தான், பூசிய சுவர் கோணலாகப் போனதும் என் கையால்தான். அது இன்னும் நிற்கிறது. இந்த வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகப் போய் அடையாளக் கார்டுக்குப் படம் பிடித்த முதல் தமிழன் நான். வெள்ளைத் துணியைச் சுருட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போவேன். தொழிலாளர் லயத்துச் சுவரில் இரண்டு ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டால் அதுதான் ஸ்டூடியோ. பள்ளிக்கூடங்களில் வகுப்புக்கு ஒரு படம் என்று இருந்ததை, பிள்ளைக்கு ஒரு படம் என்று மாற்றியவனும் நான்தான். இதையெல்லாம் செய்தவன் ஆறாம் வகுப்போடு நின்றவன். அந்த வகுப்பைக்கூட முழுதாக முடிக்கவில்லை, ரப்பர்ப் பால்மரம் சீவப் போய்விட்டேன். ‘உனக்கு இங்கிலீஷ் வராது, நீ என்ன கடை நடத்துவே’ என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு என் கண்ணாடி முன்னால் வந்துதான் தலை வாரிக்கொண்டார்கள்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. அந்த இருட்டறையில் இப்போது ஏழு கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. அவை திணறியபோது, கோலாலம்பூரில் பட்டம் வாங்கியவர்கள் கண்டுபிடிக்க முடியாத பழுதைக் கண்டுபிடித்தவன் நான். மற்றதெல்லாம் ஊருக்குத் தெரியும். இந்த ஒன்றைத்தான் யாரும் எங்கும் எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் மகன் கோலாலம்பூரில் இருக்கிறான். நான் பள்ளிக்கூடப் படம் பிடித்துத் தொடங்கிய தொழிலை அவன் இணையத்தளமாக ஆக்கினான். அவனுடைய ஆட்கள் மூன்று நான்கு மாநிலங்களில் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் படம் எடுக்கிறார்கள். படங்கள் தளத்தில் ஏறும். பெற்றோர் கைப்பேசியில் திறந்து, தங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பிடித்ததை அச்சுப்போடச் சொல்லலாம். நல்ல யோசனைதான். ஆனால் படம் வெளியாகும் நாளில் எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். படங்கள் முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே டிஸ்க்கில் இருந்தன. லயத்தில் ஐம்பது வீட்டுக்கு ஒரு குழாய் இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

மகன் ஒரு நாள் போன் செய்தான்.

“அப்பா, உங்க டார்க்ரூம் சும்மாதானே கிடக்கு?”

“சும்மா இல்ல. பழைய நெகட்டிவ் பெட்டி இருக்கு.”

“அத மேல ஏத்திடுங்க. சர்வர் வைக்கணும். ஜன்னல் இல்லாத ரூம், சொந்தக் கட்டடம். இத விட்டா வேற இடம் கிடைக்காது.”

மாடியில் நான் ஒருவன்தான். அவன் அம்மா இறந்தபின் மூன்று அறைகளில் இரண்டைத் திறப்பதே இல்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக நானே ஏற்றினேன். அப்படித்தான் மெர்லிமாவில், மீன் விற்கிற கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில், பேரலல் ஃபைல் சிஸ்டம் என்ற ஒன்று வந்து உட்கார்ந்தது. மலாக்காவிலேயே எத்தனை கடையில் அது இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

அதை அமைக்க வந்தது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கிள்ளானில் பிறந்தவள், கோலாலம்பூரில் வேலை. வந்த முதல் நாளே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கம்பிகளைப் பிரித்தாள். நான் காப்பி கொண்டுபோய் வைத்து, “இது என்னம்மா செய்யும்?” என்று கேட்டேன். படித்தவர்களிடம் இப்படிக் கேட்டால் பாதிப் பேர் ‘அது உங்களுக்குப் புரியாது’ என்பார்கள். அவள் சொன்னாள்.

“அங்கிள், முன்ன ஒரே ஆளு எல்லாப் படத்தையும் தூக்கிக்கிட்டு நின்னாரு. இப்ப ஆறு பேரு. ஒரு பெரிய படத்தத் துண்டு துண்டாப் பிரிச்சு ஆறு பேர்கிட்டயும் குடுத்துருவோம். யாராவது கேட்டா ஆறு பேரும் ஒரே நேரத்துல கொண்டாந்து குடுப்பாங்க. அதான் ஃபாஸ்ட்.”

“எந்தத் துண்டு யார்கிட்ட இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

அவள் ஏழாவது பெட்டியைத் தட்டினாள். “இவருக்குத்தான். இவரு படம் வெச்சுக்க மாட்டாரு. எது எங்க இருக்குன்னு புக்கு மட்டும் வெச்சிருப்பாரு.”

“அப்ப இவரு கிராணி,” என்றேன்.

கணக்கு எழுதுகிற தோட்டத்துக் கிராணியை அவளுக்குத் தெரியாது, சொல்லிக்கொடுத்தேன். ஒரு காட்டை நிரை நிரையாகப் பிரிப்பார்கள். ஆளுக்கு ஒரு நிரை. எல்லோரும் ஒரே நேரத்தில் சீவுவார்கள், ஒரே நேரத்தில் பால் ஸ்டோருக்கு வரும். ஒரே ஆள் அந்தக் காட்டைச் சீவினால் ஒரு மாதமாகும். யார் எந்த நிரையில் நிற்கிறான் என்பது கிராணியின் புத்தகத்தில் இருக்கும். கிராணி மரம் சீவ மாட்டார். ஆனால் அவர் புத்தகத்தைத் திறக்கத் தாமதித்தால் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அத்தனை பேரும் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

“அங்கிள், நான் யுனிவர்சிட்டில நாலு மாசம் படிச்சத நீங்க ஒரு காப்பில முடிச்சிட்டீங்க,” என்று சிரித்தாள். அதன்பின் அவளும் அந்தப் பெட்டியைக் கிராணி என்றே சொன்னாள். அலுவலகத்தோடு போனில் பேசும்போதும் ‘கிராணி ஓகே, கிராணி ஓகே’ என்பாள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

சோதனைக்கு ஒரு படம் வேண்டும் என்றாள். என்னையே எடுத்து, அடையாளக் கார்டில் உள்ளபடி என் பெயரை அடித்து உள்ளே போட்டாள். கிராணியின் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு சின்னத் திரையும் வைத்துவிட்டுப் போனாள். “பாக்கலாம் அங்கிள். தொடக்கூடாது.”

மாதம் ஒருமுறை வருவாள். வேலை முடிந்ததும் செர்காமுக்கு அழைத்துப்போய் சுட்ட மீன் வாங்கிக்கொடுப்பேன். கடற்கரையோரக் கடை. நான் பேசுவேன், அவள் முள் எடுத்துக்கொண்டே கேட்பாள். பாதியில் கைப்பேசியை எடுக்க மாட்டாள். அப்படிக் கேட்கிற ஆள் என் வீட்டில் கடைசியாக எப்போது இருந்தார் என்று யோசித்தால் நான் மாடியில் திறக்காத அறைகளுக்குத்தான் போக வேண்டும்.

மற்ற நாள்களில் இருட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். குளிர்சாதனத்தின் வடிகட்டியைக் கழுவுவது என் வேலை, யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டது. ஏழு பெட்டியும் சேர்ந்து ஒரு சத்தம் போடும். தூரத்தில் ஆட்கள் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும், என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் கேட்காது.

இங்கே பெயர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தளத்தில் முதலில் மகன் படங்களுக்கு எண் கொடுத்திருந்தான். நான்தான் கூடாது என்றேன். தோட்டத்தில் எனக்கு ஒரு நம்பர் இருந்தது. அந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை நம்பர் இல்லை, பெயர் போடு, அப்பன் பெயரோடு போடு என்றேன். ஒரு வாரம் போனில் சண்டை போட்டு ஜெயித்தேன். பள்ளிப் பதிவேட்டில் உள்ள முழுப் பெயரே படத்தின் பெயராக ஏறும்படி மாற்றினார்கள்.

புதிய சிஸ்டம் வந்தபின் முதல் வெளியீட்டு நாள். மலாய்ப் பள்ளிப் படங்கள் பறந்தன. சீனப் பள்ளிப் படங்கள் பறந்தன. தமிழ்ப்பள்ளிப் படங்கள் மட்டும் வரவில்லை. கடைக்கு ஒரு தாய் வந்து கைப்பேசியை என் மேசையில் வைத்தார்.

“அண்ணே, என் மகன் படம் காலையிலேருந்து சுத்திக்கிட்டே இருக்கு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பிரேம் போட்டு மாட்டியே முடிச்சிட்டாங்க.”

மகன் போனில் கேட்ட முதல் கேள்வி இது: “அப்பா, ஏசிய ஆஃப் பண்ணீங்களா?”

“பண்ணல.”

“ஒயரு எதையாவது தொட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க.”

“நான் ஏண்டா தொடப்போறேன்?”

“நீங்கதான் எல்லாத்தையும் தொடுவீங்களே.”

அந்தப் பெண் ஓடிவந்தாள். இரண்டு நாள் கம்பியை மாற்றினாள், பெட்டியைத் திறந்து மூடினாள். ஆறு பேரும் நலம். கிராணிக்கு மட்டும் மூச்சுவாங்குகிறது, ஏன் என்று தெரியவில்லை. “கிராணிகிட்ட யாரோ ஓயாமக் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காங்க அங்கிள்,” என்றாள். அவள் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஒரு மலாய்ப் பள்ளியின் படங்கள். அவை ஒழுங்காக ஓடின. மூன்றாம் நாள் அவள் கோலாலம்பூர் திரும்பினாள், செர்காமுக்கு நேரமில்லை. சிஸ்டத்தைப் பிரித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று மகன் பேசத் தொடங்கினான். ‘அங்க அப்பா ஏதோ செஞ்சிருக்காரு’ என்று அவன் அலுவலகத்தில் சொன்னது என் காதுக்கு வந்தது.

நான் எதையும் தொடவில்லை. அதை நிரூபிக்க எனக்கு வழியும் இல்லை.

அன்று முழுவதும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வரிசையாகச் சாம்பல் கட்டங்கள். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் முகம் சட்டென்று வந்தது. மூடித் திறந்தேன். மறுபடி அதே பிள்ளை, அதே வேகம். இரட்டைச் சடை, முன்பல் இல்லை. அந்தப் பள்ளிக்குப் படம் எடுக்க ஆட்களோடு நானும் போயிருந்தேன். ஆசிரியை பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையையும் நீளமாகக் கூப்பிட்டார், இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னார். இந்தப் பெண்ணுக்கு மட்டும் பெயரோடு சட்டென்று நிறுத்திவிட்டார். அப்பா பெயர் பதிவில் இல்லை. அதைக் கேட்டு நான் கேமராவைத் தேவையில்லாமல் சரிபார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

அப்பன் பெயர் இல்லாத பிள்ளையின் படம் மட்டும் ஏன் ஓடிவருகிறது?

இருட்டறைக்குப் போனேன். சின்னத் திரையில் என் பெயரைத் தேடினேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு வாசிக்க வரும், மெதுவாக வரும். இருந்தது. ஆனால் பாதிதான் இருந்தது. என் பெயர், பக்கத்தில் ஒரு ‘ஏ’, அதோடு சரி. படத்தைக் காணோம். அது படமே இல்லை, ஒரு ஃபோல்டர். திறந்தால் உள்ளே என் அப்பா பெயர் ‘எல்’ என்ற எழுத்தோடு தனியாகக் கிடந்தது.

இந்த நாட்டில் நம் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். என் பெயர், பிறகு ஏ/எல், பிறகு அப்பா பெயர். அனாக் லெலாகி, அதாவது மகன். பெண்ணென்றால் ஏ/பி, அனாக் பெரெம்புவான். நடுவில் ஒரு சாய்ந்த கோடு. மலாய்க்காரர்களுக்கு நடுவில் ‘பின்’, ‘பிந்தி’ என்ற சொல் வரும், கோடு இல்லை. சீனர்களுக்கு எதுவும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக அடையாளக் கார்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பார்த்துப் பார்த்து அந்தக் கோடு நம் கண்ணில் படுவதே இல்லை. கம்ப்யூட்டருக்கோ அந்தக் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: இதற்கு முன்னால் இருப்பது வீடு, உள்ளே போ.

தமிழ்ப்பள்ளி ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ‘ஏ’யில் முடிகிற பெயர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரே ஆள். பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. முடிவு தெரியவில்லை.

அவளைக் கூப்பிட்டேன்.

“என்னா அங்கிள், ஏசி ஒழுகுதா?”

“ஏசி இல்லம்மா. என் பேரு ரெண்டாக் கிடக்கு.”

“என்னா?”

“நான் வெளிய நிக்கிறேன், எங்கப்பா உள்ள இருக்காரு. ஏ இங்க, எல் அங்க. நடுவுல இருந்த கோட்டக் காணோம்.”

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் விடவில்லை.

“ஒரு நிரைன்னா நூத்துக்கணக்குல மரம் இருக்கும். கிராணி புக்குல ஒரு வரிதான். இங்க ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நிரை போட்டு வெச்சிருக்கு. கிராணி எழுதியே செத்துருவாரு. ஆறு பேரும் என்ன செய்வாங்க, நிரை தெரியாம நிக்கிறாங்க.”

“ஸ்லாஷ்,” என்றாள் மெதுவாக. “அய்யோ அங்கிள். ஸ்லாஷ். நானும் ஏ/பிதான். என் கண்ணுல படல பாருங்க.”

அவள் அங்கிருந்தபடியே சரிசெய்தாள், இங்கு வரவேண்டியிருக்கவில்லை. கோட்டுக்குப் பதில் ஒரு சின்னப் படுக்கைக்கோடு போட்டால் போதுமே என்று நான் சொன்னேன். மகன் ஒப்பவில்லை, மறுபடி எண் என்று முடிவு செய்துவிட்டான். பெயர்கள் வேறொரு பட்டியலில் இருக்கின்றன. இப்போது இருட்டறையில் ஒரு பிள்ளைக்கும் பெயர் கிடையாது. ஆனால் படங்கள் பறக்கின்றன, அதை நான் மறுக்க மாட்டேன். அந்தத் தாய் மகனுக்குப் பிரேம் போட என் கடைக்கே வந்தார்.

பழுது இல்லாததால் மாதாமாதம் வர வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. எல்லாவற்றையும் அவள் கோலாலம்பூரிலிருந்தே பார்க்கிறாள். முதலில் வாட்ஸ்அப்பில் ‘கிராணி ஓகேவா அங்கிள்’ என்று கேட்பாள். பிறகு அவளுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். பழுதைக் கண்டுபிடித்ததால் என்னென்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தால், அவள் வருவதை நிறுத்தியவனும் நான்தான்.

ஒருநாள் தனியாக செர்காம் போனேன். மீன் சுடுகிறவர் என் பின்னால் எட்டிப்பார்த்துவிட்டுக் கேட்டார்: “அனாக் மானா, அங்கிள்?”

மகள் எங்கே என்கிறார். இத்தனை நாளும் அவளை என் மகள் என்றே நினைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. வேலை அதிகம் என்றேன். ஒரு மீன் போதும் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தளத்தில் ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. நான்கு முகங்கள், நான்கு பெயர்கள். கீழே, பேரலல் ஃபைல் சிஸ்டத்தால் படங்களை எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறோம் என்று பெருமையாக ஒரு பத்தி. தமிழ்ப்பள்ளிகளுக்கு வந்த சிக்கலை ‘எங்கள் குழு’ தீர்த்ததாகவும் இருக்கிறது. என் மகனின் முகம் நான் பிடித்த படம். அவன் பட்டம் வாங்கிய வாரம், இந்தக் கோணல் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பிடித்தேன். பிடித்தவன் பெயர் அங்கும் இல்லை.

போன் செய்தேன்.

“அப்பா, அது கம்பெனி பேஜ்ப்பா. எல்லார் பேரையும் போட முடியாது.”

“எல்லார் பேரும் வேணாம். என் பேரு.”

“நீங்கதானே பேரு போடு பேரு போடுன்னு சண்ட போட்டீங்க. அதுனாலதானே ப்ராப்ளமே வந்துச்சு.”

“ஆமா. அதையும் போடு.”

சிரித்தான். “நீங்க அப்பா. தனியா வேற எழுதணுமா?”

“எழுதணும்.”

“சரி, பாக்கலாம் லா. மீட்டிங் இருக்கு.”

பார்க்கலாம் என்றவன் இன்னும் பார்க்கவில்லை. நான் தினமும் காலையில் கடை திறந்ததும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். அது உடனே திறக்கிறது. அவ்வளவு வேகம், என் கண்டுபிடிப்புதான் காரணம். அதே நான்கு முகங்கள்.

என் மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது. முன்னுக்கு வரட்டும் என்று அவனைச் சீனப் பள்ளியில் சேர்த்தவனும் நான்தான், அந்தப் பழியையும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆகவே இதை வாசிக்கிறவர்களில் அவனைத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏசியை நான் அணைக்கவில்லை. ஒயரைத் தொடவில்லை. நான் கேட்பது நாற்காலியும் இல்லை, மாலையும் இல்லை. ஐந்தாவது முகமாக என் படம் வேண்டும். சோதனைக்கு எடுத்தது உள்ளேயே இருக்கிறது, எந்த எண் என்று பெயர்ப் பட்டியலில் இருக்கும், எங்கே என்று கிராணிக்குத் தெரியும். படத்துக்குக் கீழே ஒரே வரி: பெயர் போடச் சொன்னவர் இவர், அதனால் வந்த பழுதைக் கண்டுபிடித்தவரும் இவர். அந்த வரிக்கு மேல் என் பெயர், ஏ, சாய்ந்த கோடு, எல், என் அப்பா பெயர். முழுதாக, ஒரே வரியில், கோடு உடையாமல் போட வேண்டும். இணையப் பக்கத்தில் அந்தக் கோட்டால் ஒரு கெடுதலும் வராது. அவளிடம் கேட்டுவிட்டேன்.